மூன்றாகத் தெரிந்த இரண்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அக்காவுக்குப் பதவி சைகைமொழி பெயர்ப்பாளர். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும். வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் சைகையக்கா. காது கேளாத நோயாளி ஒருவர் வந்துவிட்டால், "சைகையக்காவைக் கூப்பிடுங்க" என்று ஒரு குரல் தாழ்வாரம் முழுக்கப் போகும். அடுத்த நிமிஷம் செருப்புச் சத்தம் கேட்கும். நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு நடை.

நான் அங்கே மருந்து கவுண்டரில் இருக்கிறேன். கண்ணாடித் தடுப்பில் வட்டமாக ஓர் ஓட்டை, அதற்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. காது நன்றாகக் கேட்பவர்களுக்கே அந்த ஓட்டை வழியாக நான் சொல்வதில் பாதிதான் போய்ச் சேரும். கேளாதவர்களுக்கு அக்கா பக்கத்தில் நின்றால்தான் உண்டு.

அக்காவின் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயதிலிருந்து கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் அண்ணனுக்கு வாயாக இருந்தவர் அக்காதான். அண்ணனுடைய பள்ளி நண்பர் ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வந்து போனார். அவருக்கும் காது கேட்காது. பேச்சு வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவர். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள்; அவளோடும் கையால்தான் பேச்சு. "எங்க வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. ஆனா ஜன்னல் திரையை இழுத்துவிடணும்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைகையில் நீ, நீங்க என்ற வித்தியாசம் கிடையாது. நீளுகிற விரல் ஒன்றுதான். அதனால் கையால் பேசியதை எழுதும் இடங்களில் எல்லோரையும் ‘நீ’ என்றே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்லப்போகிற வருடத்தின் தொடக்கத்திலேயே அக்காவுக்குக் காலையில் விரல்கள் மடங்க மறுத்திருக்கின்றன. தூங்கி எழுந்தால் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்குமாம். பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடிக்க வராது. வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் சமையலறையில் நின்றிருக்கிறார். கணவர் எழுவதற்குள் கைகளைப் பேச்சுக்குத் தயார்ப்படுத்திவிட வேண்டும் என்று அலாரத்தை முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார். எவ்வளவு சத்தமாக அடித்தாலும் அந்த அலாரம் கணவரை எழுப்பாது என்பது ஒரு வசதி.

இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. பயம்தான். கை போனால் அவருக்கு வேலை மட்டும் போகாது. வீட்டில் பேச்சும் போய்விடும். மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், "நெட் சரியில்ல, நாளைக்குப் பேசறேன்" என்று சீக்கிரமே வைத்துவிடுவாராம்.

அந்தப் பயம் வெளியே வந்தது என் கவுண்டரில்தான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

சுவருக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர் ஒருவர் எங்களிடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். காது கேளாதவர். அதுவரை தினமும் மூன்று மாத்திரை. அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கத் தொடங்கியதால் அன்று டாக்டர் அதை இரண்டாகக் குறைத்திருந்தார். நான் பொட்டலத்தைச் சந்து வழியாகத் தள்ளி, "தினம் ரெண்டு" என்றேன். அக்கா வலது கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டினார். பெயிண்டர் தலையாட்டினார். சொன்னதை நோயாளியிடமே திருப்பிக் கேட்டு வாங்குவது அக்காவின் வழக்கம். அன்று வரிசை வாசல்வரை நின்றது. "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்று சொன்னது நான்தான். அவர் திருப்பிக் கேட்கவில்லை. பொட்டலத்தின் மேல் நான் எழுதியிருந்தேன், உண்மைதான். ஆனால் என் கிறுக்கலை எனக்கே சில சமயம் படிக்க வராது.

ஒன்பது நாள் கழித்துப் பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏணியின் மூன்றாவது படியில் நின்று கூரை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. புருவம் பிளந்து, இடது தோள் இறங்கிவிட்டது. அவசரப் பிரிவில் சைகையக்காவைக் கூப்பிட்டார்கள். டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். அழுத்தம் ரொம்பக் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "தினம் எத்தனை மாத்திரை எடுக்கறார்னு கேளுங்க" என்றார்.

அக்கா கேட்டார். பெயிண்டர் நல்ல கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார்.

"மூணு" என்று அக்கா சொன்னார்.

"மூணா? ரெண்டுன்னுதானே சீட்டுல இருக்கு? யாரு மூணுன்னு சொன்னாங்களாம்?"

மொழிபெயர்ப்பவர் கேள்வியை விழுங்கக் கூடாது. பதிலையும் விழுங்கக் கூடாது. அக்கா கேட்டார். கட்டுப் போட்டிருந்த புருவத்துக்குக் கீழே பெயிண்டரின் கண்கள் அக்காவையே பார்த்தன. விரல் நீண்டது.

"‘நீதான் காட்டினே’ன்னு சொல்றார், டாக்டர்" என்றார் அக்கா. பிறகு, டாக்டருக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று, "என்னைத்தான் சொல்றார்" என்று சேர்த்துக்கொண்டார்.

பெயிண்டர் மேலே ஒன்று சொன்னார். அதையும் அக்கா குரல் மாறாமல் சொல்லி முடித்தார்: "‘கொஞ்ச நாளாவே உன் கை திக்குது. நான்தான் மரியாதைக்குச் சொல்லல.’"

அன்று மத்தியானம் அவர் என் கவுண்டருக்கு வந்து, இரண்டு கைகளையும் பலகைமேல் வைத்தார். தினமும் பார்க்கிற கைகள். அன்றுதான் நான் பார்த்தேன். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் அடிக்கணுக்களும் வீங்கிப் பளபளத்தன. மோதிர விரல் மடங்காமல் அரைகுறையாக எழும்பி நின்றது.

"ரெண்டு காட்டறேன், பாரு" என்றார். காட்டினார். மூன்று மாதிரிதான் இருந்தது.

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்தபின் மூட்டு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். முடக்குவாதம். அவர் சுற்றி வளைக்காத மனிதர்.

"வயசான தேய்மானம் இல்லம்மா இது. உங்க உடம்போட காவல்காரனே மூட்டைத் திருடன்னு நினைச்சு அடிக்கறான். அவனை அடக்கத்தான் மருந்து. வாரத்துக்கு ஒரே நாள். மறுநாளும் தவறிப்போய் எடுத்துடாதீங்க, ஆபத்து. வேலை செய்ய ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகும். மாசா மாசம் ரத்தம் பார்க்கணும். எக்ஸ்ரேல எலும்பு இப்போதைக்கு நல்லா இருக்கு. அப்படியே வச்சுக்கணும், அதுதான் நம்ம வேலை."

"கை பழையபடி வருமா, டாக்டர்?"

"சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் நேரம் இருக்கு."

அந்த மருந்தைக் கொடுத்தது நான்தான். மெத்தோட்ரெக்ஸேட். பொட்டலத்தில் ‘ஞாயிறு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன். இந்தத் தடவை கொட்டை எழுத்தில்.

ஞாயிறு மாத்திரை. திங்கள் முழுக்கக் குமட்டல். செவ்வாய் கொஞ்சம் தெளியும். சீப்பில் வழக்கத்தைவிட நிறைய முடி வந்தது. வலி மட்டும் அசையவில்லை. அக்காவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நோயாளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மேசைக்கடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார். மோதிர விரலிடம் வந்ததும் முகம் இறுகும். எண்கள் வரும் இடத்தில் இடது கைக்கு மாறிக்கொண்டார். அதுவும் மக்கர் பண்ணத் தொடங்கியதும் எண்களைத் தாளில் எழுதிக் காட்டினார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, "அக்குபஞ்சர் பண்ணலாமா? பிசியோதெரபி பக்கம் பண்றாங்களாமே" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கோபப்படவில்லையாம்.

"வலிக்குப் பண்ணிப் பாருங்க. சிலருக்குக் கேக்குது. ஆராய்ச்சி பண்ணினவங்க ஒரே மாதிரி சொல்லல, அதனால நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நோயை அது நிறுத்தாது. மாத்திரை பக்கத்துல அதுவும் இருக்கலாம், மாத்திரை இடத்துல இருக்கக் கூடாது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து எடுக்கறீங்கன்னு அவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க."

பிசியோதெரபி தாழ்வாரத்தின் கடைசியில், ஓடாமல் நிற்கும் நான்கு பயிற்சிச் சைக்கிள்களைத் தாண்டி அந்த அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் மஞ்சள் நிறப் பெட்டி. உபயோகித்த ஊசிகள் அதில் விழும். ஊசி போடுகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். யாராவது ‘ஊசி டாக்டர்’ என்று கூப்பிட்டால், "டாக்டர் இல்லைங்க. பிசியோதெரபிஸ்ட். ஊசி தனியா படிச்சது" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். திருத்தித் திருத்தி அலுக்காதவர்.

முதல் நாள் கணவரும் கூடப் போனார். கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். ஊசியம்மா அக்காவின் கைகளைத் தொட்டுப் பார்த்து, எந்தெந்தக் கணு சூடாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். "சூடா வீங்கியிருக்கற இடத்துல குத்த மாட்டேன். சுத்தி இருக்கற இடம், முழங்கை, கால், அங்கெல்லாம்தான். வலி குறையலாம். குறையாமலும் போகலாம். ஆறு வாரம் பார்ப்போம். வீக்கத்துக்கு நான் பொறுப்பு இல்ல, அது உங்க மாத்திரை பண்ண வேண்டிய வேலை."

தலைமுடி கனத்தில் ஊசிகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையிலிருந்து வந்தது. உள்ளே போகும்போது எறும்பு கடிக்கிற அளவுதான்; போனபின் அந்த இடம் கனத்து மரத்துப்போவது போல் இருந்தது என்றார் அக்கா. மொத்தம் பதினான்கு. ஊசியம்மா வாய்விட்டு எண்ணினார். கடைசி நான்கும் இரண்டு கைகளிலும், மணிக்கட்டுக்கு மேலே.

"இருபது நிமிஷம். கையை அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

அப்போதுதான் நாற்காலியில் இருந்த கணவருக்கு விஷயம் உறைத்தது. மனைவியின் இரண்டு கைகளும் கட்டிலில் மல்லாந்து கிடக்கின்றன, ஊசிகள் நிற்கின்றன. இவருக்கு அது வாயில் துணி அடைத்த மாதிரி. எழுந்து பக்கத்தில் வந்தார்.

"வலிக்குதா?" என்று கையால் கேட்டார்.

அக்கா தலையை லேசாக ஆட்டினார். இல்லை.

"நிஜமா? அவங்களைக் கூப்பிடட்டுமா?"

மறுபடி தலை. கண்ணாலேயே ‘உக்காரு’ என்றார். அவர் உட்காரவில்லை. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். ஓர் ஊசி ஆடுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு அக்காவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, பேசத் தொடங்கினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப சொன்னாத்தான் நீ குறுக்க பேச மாட்டே. ஆறு மாசமா நீ பேசறதுல பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். திருப்பிக் கேட்டா உனக்கு இன்னொரு தடவை வலிக்குமேன்னு. அன்னிக்கு உன் அண்ணன் வீட்டு விஷயம் ஏதோ சொல்லி அழுதே. என்ன விஷயம்னே எனக்குத் தெரியாது. நான் உன் தோளைத் தட்டினேன், அவ்வளவுதான்."

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கையில்லை. நேரம் பார்க்க எட்டிப் பார்த்த ஊசியம்மா பதறி, "ஐயோ, எந்த ஊசிங்க வலிக்குது?" என்றார்.

"ஊசி இல்லைங்க" என்று அக்கா வாயால் சொன்னார். "அவர் பேசிட்டு இருக்கார்."

கணவர் பேசி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "இருபத்தி மூணு வருஷத்துல முதல் தடவையா நான் சொல்ல வந்ததை முழுசா சொல்லி முடிச்சேன்" என்றாராம். அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, வயிறு குலுங்க, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று ஊசியம்மா ஓடி வந்திருக்கிறார்.

வாரத்துக்கு இரண்டு தடவை போனார். நாலாவது தடவைக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்க முடிந்தது. வலி போகவில்லை, ஆனால் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றது. அக்கா முகத்தில் பழைய வெளிச்சம் எட்டிப் பார்த்தது. வெந்நீர்ப் பாத்திரம் அரை மணி நேரமாகச் சுருங்கியது. மருந்து தொடங்கி அப்போது ஒன்பது வாரம் ஆகியிருந்தது. இதில் எவ்வளவு ஊசி செய்தது, எவ்வளவு மாத்திரை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அக்கா மனசுக்குள் எல்லாப் புகழும் ஊசிக்கே போய்விட்டது. மாத்திரை கொடுத்தது குமட்டல். ஊசி கொடுத்தது தூக்கம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒரு நாள் கவுண்டரில் குரலைத் தாழ்த்தி, "ஏம்ப்பா, இது கேன்சருக்குக் குடுக்கற மருந்தாமே? ஊசி ரூம் வாசல்ல ஒருத்தங்க சொன்னாங்க" என்று கேட்டார்.

"அளவு வேறக்கா. இது கொஞ்சூண்டு" என்றேன். பின்னால் நின்றவர் சீட்டை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் ஒதுக்கி, தாளில் வரைந்து, பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று அந்த அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அக்கா மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப டப்பாவில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை குமட்டல் இல்லை. எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டாராம். அடுத்த ஞாயிறும் போடவில்லை. அடுத்ததும். அந்த மாத ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை, புது மாதத்துக்கு மாத்திரை வாங்க என்னிடமும் வரவில்லை. வெளியே வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வாரம் பயம் திரும்பி வந்தது, முதலில் சின்னதாக. வளையல் மாட்டும்போது மணிக்கட்டு இறுகிய மாதிரி. குளிர் என்று சொல்லிக்கொண்டார். தூங்கிய பக்கம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆறாவது வாரம் வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது. நீளக் கைவைத்த ரவிக்கையால் அதை மூடிக்கொண்டு ஊசி அறைக்குப் போனார்.

ஊசியம்மா கையை ஏந்திய உடனே முகம் மாறியது. புறங்கையால் தொட்டுப் பார்த்தார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல.

"கொதிக்குது. எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாத்தான்."

"மாத்திரை சரியா எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன்."

ஊசியம்மா கையை விடவில்லை. "இன்னிக்கு ஊசி கிடையாது. பரவால்ல, கோவிச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியா மாத்திரை எந்தத் தேதியில எடுத்தீங்க?"

அக்காவுக்குத் தேதி வரவில்லை. பொய்யாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிக்க நினைத்தார். அடுத்தவர் வார்த்தையை ஓர் எழுத்து மாற்றாமல் சொல்லியே பழகியவருக்குச் சொந்தப் பொய் வாயில் நிற்கவில்லை.

"நிறுத்திட்டேன். ஆறு வாரம் ஆச்சு. உங்க ஊசியே போதும்னு நினைச்சுட்டேன்."

ஊசியம்மாவின் கண் கலங்கிவிட்டதாம். "நான் நல்லா பண்ணினேன்னு நீங்க சொன்னப்பல்லாம் சந்தோஷப்பட்டுக்கிட்டு, மாத்திரையைப் பத்தி ஒரு தடவைகூட விசாரிக்காம விட்டுட்டேனே" என்றார். பிறகு போனை எடுத்து மூட்டு டாக்டரைக் கூப்பிட்டு, அன்றே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து நேரம் வாங்கினார். தாழ்வாரம் நெடுக அவரே கூட நடந்து போய் டாக்டர் அறையில் விட்டுவிட்டு வந்தார்.

புது எக்ஸ்ரேயைப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினார் டாக்டர். நடுவிரலின் அடியில், எலும்பு ஓரத்தில், எலி கொறித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பழைய படத்தில் அது இல்லை.

"இது திரும்பி வளருமா?"

"வளராதும்மா. இனிமே புதுசா வராம பாத்துக்கலாம்." திட்டுவார் என்று அக்கா காத்திருந்தார். அவர் திட்டவில்லை. "குமட்டலுக்கு வழி இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் எடுக்கலாம், இதே மருந்தை ஊசி மருந்தா மாத்திக்கலாம். நீங்க வந்து சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியதாம் அக்காவுக்கு.

கணவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று வீங்கிய கையாலேயே மடியில் ஒத்திகை பார்த்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனாராம்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா மெதுவாக, ஒவ்வொரு சைகையாக நிறுத்திச் சொன்னார். மாத்திரையை விட்டது. பொய் சொன்னது. எலும்பில் பள்ளம். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

நமக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. அவர்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. கண்ணை மூடிவிட்டால் எதிரே இருப்பவரின் வாயைப் பொத்தியது மாதிரி. அக்கா மேசையைத் தட்டினார். அதிர்வு அவருக்குப் போயிருக்கும், திறக்கவில்லை. முழங்கையைத் தொட்டார். அவர் இழுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் அந்த அறையில் அக்காவுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "செத்துடலாம்னு இருந்துச்சுப்பா" என்று என்னிடம் சொன்னார்.

கடைசியில் கணவர் கண்ணைத் திறந்தார்.

"பொய்யா தலையாட்டினேன்னு நான் உன்கிட்ட ஒத்துக்கிட்டேன். அதுக்கப்பறமும் நீ என்கிட்ட மறைச்சிருக்கே" என்றார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கு இல்லையா? உன் கை நின்னு போச்சுன்னா நான் யார்கிட்ட பேசுவேன்?"

கணவர் எழுந்து வெந்நீர் வைத்தார். பாத்திரத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்து, வீங்கிய கையை மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து உள்ளே இறக்கினார்.

அடுத்த நாள் அக்கா மேலதிகாரியிடம் போய் நோயைச் சொன்னார். வேலை போய்விடும் என்ற நடுக்கத்தோடுதான் போனார். போகவில்லை. பெயிண்டருக்கு நேர்ந்ததற்கு விசாரணை நடந்தது. அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, எனக்கும் ஒன்று. இரண்டும் நியாயம். இன்னொரு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தார்கள். நீளமான சந்திப்புகளில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்கிறார்கள். நோயாளி திருப்பிச் சொல்லாமல் நான் இப்போது பொட்டலத்தைக் கையிலிருந்து விடுவதில்லை, வரிசை தெருவரை நின்றாலும் சரி.

பெயிண்டருக்குத் தோள் குணமாக நாலு மாதம் ஆயிற்று. இப்போது வந்தால் புது மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்கிறார். தாழ்வாரத்தில் அக்காவைப் பார்த்தால் நின்று நலம் விசாரிக்கிறார், உடம்பு, வேலை, மகள் படிப்பு எல்லாம். ஆனால் மருந்து விஷயத்துக்கு அவரிடம் போவதில்லை. அக்காவுக்கு அது உள்ளுக்குள் குத்துகிறது. "அவர் பண்றதுதான் சரி" என்றும் அக்காவே சொல்கிறார்.

மருந்தை மறுபடி தொடங்கி, அளவு கூட்டி, பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். கணுக்களில் சூடு தணிய மூன்று மாதம் பிடித்தது. தணிந்தபின் ஊசியம்மா மறுபடி ஊசி போடத் தொடங்கினார், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இப்போது கட்டிலில் படுப்பதற்கு முன்னால் எடுத்து முடித்த மாத்திரை அட்டையைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் சைக்கிள் மிதிக்க அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறார். ஊசி போட்ட ராத்திரி நன்றாகத் தூங்குவதாக அக்கா சொல்கிறார். அது போதும் என்கிறார், அதற்கு மேல் அதனிடம் கேட்பதில்லை.

நடுவிரல் முழுசாக மடங்குவதில்லை. மோதிர விரல் காலையில் ஒத்துழைக்கும், சாயங்காலம் முரண்டு பிடிக்கும். போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. அவர்கள் மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. மகள் பிறந்தபோது வைத்த பெயருக்கு நாலு விரலையும் இறுக்கி மடக்கி, கன்னத்தில் வைத்துத் திருப்ப வேண்டும். அக்காவால் இப்போது அது வரவில்லை. மகளைக் கூப்பிட முடியாமல் தோளைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டிருக்கிறார். மகள் அதைக் கவனித்துவிட்டு, "எனக்குப் புதுப் பேர் வை" என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரு முழுப் பகலும் அதற்காகச் சண்டை போட்டார்கள், திரையை இழுத்துவிடக்கூட மறந்து. அப்பா சொன்ன பெயர்கள் எல்லாம் மகளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவர், பழைய பெயரை மாற்றவே மாட்டேன் என்று நிற்கிறார். அக்கா உள்ளங்கையை விரித்துக் கன்னத்தில் ஒற்றுகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார். மகள் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை. போன மாதம் மருந்தால் ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. பெரிதாக இல்லை, கவனிக்கலாம் என்றார் டாக்டர். அக்கா இன்று காலையிலேயே கவுண்டருக்கு வந்து, "செவ்வாய்க்கிழமை நீ லீவு போடலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். போடவில்லை.